விட்டுப்போன ஓர் ‘இன்னும்’

உங்களில் இரண்டு பேர் போன கிழமை என்னிடம் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். நீதிமன்றத்திலோ ஆஸ்பத்திரியிலோ மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியவந்தால் என்ன செய்வது? நான் அப்போது பதில் சொல்லாமல் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலைச் செய்து ஓய்வுபெற்றவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்திருப்பீர்கள். தெரியும். ஆனால் அதை நான் படித்த இடம் நீதிமன்றமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. ஒரு பேஸ்போல் கழகம். சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வீட்டுக்கார அம்மாவிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். துடைப்பது, கடைக்குப் போவது, துணி அயன் பண்ணுவது, பின்னேரத்தில் அவருடைய தாயாரைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவது. ஊரில் கூட்டுறவுச் சங்கமொன்றில் லிகிதராக இருந்தவன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதி எழுதியே பத்து வருடம் போயிருந்தது. அந்த ஆங்கிலத்துக்கு பலெர்மோவில் ஒரு வேலையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சின்யோராவின் தம்பி ஒரு வழக்கறிஞர். எல்லாரும் அவரை அவொகாத்தோ என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவர் ஒரு சிறிய பேஸ்போல் கழகத்துக்குத் தலைவர். இந்த ஊரில் பேஸ்போல் விளையாடுகிறார்கள் என்பதே எனக்குப் புதினம். அந்த வருடம் டெனிஸ் என்ற அமெரிக்கரைப் பயிற்றுநராகக் கொண்டுவந்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்த இத்தாலியன் இரண்டு சொல்: கோப்பிக்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று. ஒருநாள் சின்யோரா வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கு நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னதை அவொகாத்தோ கேட்டுவிட்டார்.

அவர்கள் இத்தாலியனில் கதைத்ததை எல்லாம் இனி நம்முடைய பேச்சிலேயே சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

“சிவா, உனக்கு இங்கிலிஸ் தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப சனிக்கிழமை மைதானத்துக்கு வா. நீதான் டெனிசின்ரை வாய்.”

எனக்குக் கிரிக்கெட் தெரியும், பள்ளிக்கூடத்தில் மட்டையும் பந்துமாக எல்லே விளையாடியிருக்கிறேன். பேஸ்போல் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இரண்டாவது ஆட்டத்திலேயே அது வெளிச்சத்துக்கு வந்தது. எங்கள் பெடியன் ஒருவன், ஓடிச் சுற்றவேண்டிய நாலு மூலைகளில் முதலாவதில் நின்றான். டெனிஸ் என் தோளைத் தட்டி, “அவனை இரண்டாவதைக் களவெடுக்கச் சொல்லு” என்றார். நான் திகைத்துப் போனேன். மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், அதுவும் வெளிநாட்டான் ஒருவன், ஒரு வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் களவெடு என்று கத்துவதா? மரியாதையான சொல்லாகத் தேடி, “வசதி வந்தால் கெதியாக முன்னேறவும்” என்றேன். பெடியன் என்னைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே நின்றான். ஆட்டம் கைவிட்டுப் போனது. பிறகு விசாரித்தால், பந்து எறிகிற நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிப் பிடிப்பதற்கு இத்தாலியனிலும் களவு என்றுதான் பெயர். அங்கே இருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அவர்களுக்காக நான் வெட்கப்பட்டேன். வெட்கப்படச் சொல்லி அவர்கள் என்னைக் கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படி வரும். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிப் பச்சையாகச் சொல்லும்போது உங்கள் நாக்கு நல்ல சொல் தேடும். தேடாதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

ஜூலை மாதம் கழகம் இரண்டாவது இடத்தில் நின்றது. முதலாவதாக வந்தால் அடுத்த வருடம் மேல் பிரிவில் விளையாடலாம். இந்த விளையாட்டில் பந்து எறிகிறவன்தான் பாதி ஆட்டம். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனைவிடப் பெரிய ஆள். எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்குத் தோள் நோவு. மற்றவன் சால்வோ, பதினேழு வயது, மீன்கடைக்காரரின் மகன். அவன் எறிந்த சில பந்துகளைப் பார்த்து எதிர்ப்பக்கத்தார்கூடக் கை தட்டியதைக் கண்டிருக்கிறேன். அதே ஆட்டத்தில் அவன் எறிந்த இன்னொரு பந்து வேலிக்கு மேலால் றோட்டுக்குப் போனதையும் கண்டிருக்கிறேன். அவன் கெட்டிக்காரனா இல்லையா என்று யாராவது என்னைக் கேட்டால், எந்தப் பந்தை வைத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் வடக்கிலுள்ள ஒரு கழகத்திலிருந்து கடிதம் வந்தது. முப்பத்தொரு வயது, அனுபவமுள்ள ஒரு எறிகாரரைத் தருகிறோம். பதிலுக்குச் சால்வோவை எங்களுக்கு முழுதாகத் தாருங்கள்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம். இப்படியான விடயங்களில் சந்தா கட்டும் ரசிகர்களும் கை உயர்த்தி முடிவு சொல்வார்கள். நாற்பது பேர் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் தணிந்த நேரம், பொலிதேயாமா அரங்கத்துக்குப் பின்னால் ஒரு பாரின் உள்ளறையில் கூடினார்கள். டெனிஸோடு நானும் போனேன்.

முதலில் எழும்பியவர் மக்வேதா வீதியில் கடை வைத்திருந்த முடிவெட்டுகிறவர். என் தலையையும் அவர்தான் வெட்டுவார்.

“எனக்கு அறுபத்தெட்டு வயசு. இந்தக் கழகம் துவங்கின நாளிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். ஒருக்காலும் முதலாவதா வரேல்லை. ரெண்டு வருசம் பொறு, பெடியன் வளரட்டும் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. எனக்கு எத்தினை ரெண்டு வருசம் இருக்கு?”

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். ஒவ்வொரு ஆட்டத்தையும் கொப்பியில் குறித்து வைப்பவர். அவர் எழும்பி, “மூண்டு வருசத்துக்கு முன்னமும் இப்பிடித்தானே செய்தனீங்கள்? ஒரு பெடியனைக் குடுத்து ஒரு பெரிய ஆளை எடுத்தீங்கள். அவர் நாலு ஆட்டம் விளையாடிப்போட்டு முழங்கால் நோவெண்டு போயிட்டார். பெடியனும் இல்லை, ஆளும் இல்லை” என்றார்.

“அது வேறை, இது வேறை!”

“எது வேறை? சொல்லுங்கோ பாப்பம்!”

ஒரு மணித்தியாலம் இப்படியே போனது. முடிவெட்டுகிறவர் கதைத்தால் அவர் சரி போல இருந்தது. ஆசிரியை கதைத்தால் அவர் சரி போல இருந்தது. நான் டெனிஸின் காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசி வரிசையில் சால்வோவின் தகப்பன் நின்றுகொண்டிருந்தார். மீன் மணம் போகக் கழுவிய கைகள், வெள்ளைச் சேர்ட். அவர் கதைக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். மகன் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை, விடமாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார்.

அதற்குள் அவொகாத்தோ கையை உயர்த்தினார். “பயிற்றுநரைக் கேப்பம். ஒவ்வொருநாளும் பாக்கிற ஆள் அவர்தானே.”

டெனிஸ் எழும்பி நாலு வசனம் சொன்னார். வடக்கிலிருந்து வருபவர் நல்ல ஆட்டக்காரர். இந்த வருடம் வெல்ல அவர் உதவுவார். பெடியன் இன்னும் தயாரில்லை. முடிவு உங்களுடையது.

நாலையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். இடையில் நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் முதலாவதை இத்தாலியனில் சொன்னதும் முடிவெட்டுகிறவர் மேசையில் அடித்தார். இரண்டாவதைச் சொன்னதும் பாதிப்பேர் எழும்பிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் இருக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவொகாத்தோ என்னைப் பார்த்து, ‘சொல்லு, சொல்லு’ என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் சொன்னேன்:

“பெடியன் சரிவரமாட்டான். முடிவு உங்கடை.”

எழும்பியவர்கள் திரும்ப இருந்துவிட்டார்கள்.

ஆசிரியைதான் முதலில் வாய் திறந்தார். “அப்பிடியெண்டா வடக்கிலை உள்ளவை ஏன் கேக்கினம்?”

“அவைக்கு இன்னும் தெரியாதாக்கும்” என்றார் முடிவெட்டுகிறவர். “தெரியவாறதுக்கு முதல் குடுத்துவிடுவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். சால்வோவின் தகப்பன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கை உயர்த்தச் சொன்னபோது முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. அவர் கையை உயர்த்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கூட்டம் கலைய முதல் எழும்பிப் போய்விட்டார். டெனிஸ் என்னிடம், “என்ன நடந்தது, ஏன் சிரித்தார்கள்?” என்று கேட்டார். “பகிடி” என்றேன்.

பஸ்ஸில் போகும்போதுதான் அது எனக்குத் தட்டுப்பட்டது. டெனிஸ் சொன்ன வசனத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒரு ‘இன்னும்’ இருந்தது. இன்னும் தயாரில்லை. நான் சொன்னதில் அது இல்லை. தயாரில்லை என்பதும் சரிவரமாட்டான் என்று மாறியிருந்தது. அந்தச் சத்தத்தில் விட்டுப்போனதா, அல்லது அவொகாத்தோ தலையாட்டியதைப் பார்த்து அவருக்குப் பிடித்த மாதிரிச் சொன்னேனா? இறங்கவேண்டிய தரிப்பிடத்தை விட்டு இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி நடந்தேன்.

இப்போது நீங்கள், உடனே தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அந்த மாதம் என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம், புதுப்பிக்க வேண்டியிருந்தது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் சின்யோரா கையெழுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை வைக்கிறேன் என்றிருந்தார். அடுத்த நாள் மத்தியானம் அவொகாத்தோ தமக்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். “சிவா நல்லாக் கதைச்சவன்” என்று மேசையில் வைத்துச் சொன்னார். நான் கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அன்று ஒரே சேர்ட்டை இரண்டு தரம் அயன் பண்ணினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் எங்களுக்கு லீவு. கோவில் மண்டபத்தில் மன்னாரைச் சேர்ந்த ஒரு பிள்ளை, நம் ஆட்களுக்குப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரிக்கும் குவெஸ்தூராவுக்கும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். வேறு யாரிடம் போவது என்று தெரியாமல் அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணை, அந்தப் பெடியன் போறது நல்லமோ இருக்கிறது நல்லமோ?”

“தெரியேல்லைப் பிள்ளை. அதுதானே குழப்பம். போனா வடக்கிலை பெரிய ஆளா வருவானோ, என்னவோ. நான் இப்ப போய்ச் சொல்லி, அவன் இஞ்சையே நிண்டு ஒண்டுமில்லாமப் போனா?”

அவள் பேனையை வைத்தாள்.

“அதை ஆர் உங்களை யோசிக்கச் சொன்னது? அது தகப்பனும் மகனும் யோசிக்கிற விசயம். நீங்கள் அவைக்கு யோசிக்கிறதுக்குப் பிழையான சாமானைக் குடுத்திட்டு வந்திருக்கிறியள். அதை மாத்திக் குடுங்கோ. பிறகு அவை என்ன செய்தாலும் உங்களுக்கென்ன?”

“என்ரை பெர்மெஸ்ஸோ...”

“அது வேறை பயம்” என்றாள். “ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ.”

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவளிடம் நான் வேறொரு பாடமும் படிக்கவில்லை. படிக்கவேண்டியும் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவொகாத்தோவின் கந்தோரில், சால்வோவைக் கொடுக்கும் பத்திரத்துக்குக் கையெழுத்து. அவனுக்குப் பதினெட்டு வயது ஆகாதபடியால் தகப்பன் ஒப்பமிட வேண்டும். டெனிஸும் வந்ததால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். தகப்பனும் சால்வோவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவொகாத்தோ பேனையின் மூடியைக் கழற்றித் தகப்பனிடம் கொடுத்தார்.

“மன்னிக்கவேணும்” என்றேன். “செவ்வாய்க்கிழமை நான் ஒரு சொல்லை விட்டிட்டன். இவர் பெடியன் சரிவரமாட்டான் எண்டு சொல்லேல்லை. இன்னும் தயாரில்லை எண்டுதான் சொன்னவர்.”

அவொகாத்தோ என்னை நிமிர்ந்து பார்த்தார். “உன்னை இப்ப ஆரும் கேட்டதோ, சிவா?”

“இல்லை.”

“அப்ப ஏன் கதைக்கிறாய்?”

“அண்டைக்குக் கேட்டீங்கள். அண்டைக்குப் பிழையாச் சொன்னனான்.”

தகப்பன் பேனையை மேசையில் வைத்தார். “அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லு” என்றார். “ஒவ்வொரு வசனமாச் சொல்லச் சொல்லு.”

நான் டெனிஸிடம் விடயத்தை விளக்கினேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கதிரையை இழுத்துத் தகப்பனுக்கு எதிரில் போட்டுக்கொண்டார். ஒரு வசனம் சொல்லுவார், நிறுத்துவார். நான் சொல்லுவேன், நிறுத்துவேன்.

“பெடியன் இன்னும் தயாரில்லை.”

“ரெண்டு வருசம் எனக்குத் தந்தால், வாற ஆளைவிட நல்லா எறிவான்.”

“இப்ப வடக்குக்குப் போனால் விளையாட விடாம வாங்கிலை இருத்தி வைப்பினம் எண்டு பயப்பிடுறன்.”

பிறகு தலையைச் சொறிந்துகொண்டு இன்னொன்று சொன்னார். அதை விட்டுவிட்டால் நல்லது போல இருந்தது. சொன்னால் நான் இவ்வளவு துணிந்து வாய் திறந்தது வீண் போல ஆகும். ஆனாலும் சொன்னேன்:

“நான் பிழையாவும் இருக்கலாம் எண்டு சொல்லுறார். எறிகாரரைப் பற்றி முன்னமும் பிழை விட்டிருக்கிறாராம்.”

தகப்பன் டெனிஸைப் பார்த்தார். அவொகாத்தோவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் என்ன செய்யிறது? நீ சொல்லு. உனக்குப் பிள்ளையள் இருக்கோ?”

“இருக்கு.”

“நீயெண்டா என்ன செய்வாய்?”

எனக்குப் பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். நல்ல காலம், எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. “எனக்குத் தெரியாது” என்றேன்.

அப்போதுதான் சால்வோ வாய் திறந்தான். அதுவரைக்கும் அந்த அறையிலும் சரி, அந்தக் கூட்டத்திலும் சரி, அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“இஞ்சை நான் சரிவரமாட்டன் எண்டபடியாத்தான் போறன் எண்டனான்” என்றான். “இப்ப எனக்குத் தெரியேல்லைப் பப்பா.”

தகப்பன் எழும்பினார். பேனையை மூடி அவொகாத்தோவிடம் திருப்பிக் கொடுத்தார். மகனின் பிடரியில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை சின்யோரா கடிதத்தில் கையெழுத்து வைத்தார். தம்பி ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவொகாத்தோ அதன்பிறகு இரண்டு வருடம் என்னோடு வணக்கம் மட்டும்தான். பிறகு ஒருநாள், நம்மாள் ஒருவருடைய வழக்குக்கு மொழிபெயர்க்க ஆள் தேடியபோது என் பெயரைக் கொடுத்தவர் அவர்தான் என்று கேள்விப்பட்டேன். ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கழகம் அந்த வருடம் இரண்டாவதாகவே முடித்தது. கடைசிக்கு முதல் ஆட்டத்தில் சால்வோ எறிந்து தோற்றோம். நான் தலைமயிர் வெட்டப் போனால், முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஒரு சொல், சிவா, உன்ரை ஒரு சொல்!” என்பார். வடக்கிலிருந்து வரவிருந்தவர் வேறொரு கழகத்துக்குப் போய், இரண்டு கிழமையில் தோள் கழன்று விளையாடாமல் இருந்துவிட்டார் என்று ஆசிரியை தன் கொப்பியைக் காட்டிச் சொன்னார். அடுத்த வருடம் சால்வோ ஒரு பருவம் முழுக்க அற்புதமாக எறிந்தான். அதற்கடுத்த வருடம் கட்டாய இராணுவ சேவைக்குப் போனான். திரும்பி வந்து எறியவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருப்பான், நின்றதால் என்ன கிடைத்தது என்று அந்த பாரில் பல வருடம் வாதாடினார்கள். இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: பிழை தெரிந்தவுடன் போய்ச் சொல்லுங்கள். யாருக்கு நன்மை என்று கணக்குப் பார்க்காதீர்கள். நீண்ட வசனம் வந்தால் கையைக் காட்டி நிறுத்துங்கள், நீதிபதியானாலும் நிறுத்துங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள்.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை. செப்டெம்பர் கடைசியில் டெனிஸ் ஊருக்குப் போனார். நேப்பிள்ஸ் போகும் கப்பலுக்கு அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். கை கொடுத்துவிட்டு, போகத் திரும்பியவர் நின்றார்.

“சிவா, நெடுநாளாகக் கேட்க நினைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ‘இன்னும்’ என்று சொன்னேன் என்பது உனக்கு நிச்சயமா?”

“நீங்கள் சொன்னீர்கள்.”

“இருக்கலாம். நீ அந்தக் கந்தோரில் வைத்து விளக்கியபோது, நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் உண்மையில் எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு அந்த வடக்கத்தி ஆள் எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது.”

கப்பல் ஊதியது. அவர் ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

அன்று அந்த அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஆங்கிலம் விளங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மறந்துவிட்டார். மற்றவன் நான்.